மழையோடு போகும் நைதரசன்

கமக்காரரே!

நுவரெலியாவின் குளிர்ந்த மேட்டு நிலங்களிற் புல்லோடு வெண்குளோவரும் வளர்கின்றது. குளோவரின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு ஈட்டித் தருகின்றன, புல்லும் பயனடைகின்றது. ஆயின், அச்செல்வம் எவ்வாறு அழிகின்றது?

மாடு உண்ட நைதரசனிற் பெரும்பகுதி சிறுநீராகவும் சாணமாகவும் வெளியேறுகின்றது. சிறுநீர் விழுந்த சிற்றிடத்தில், வேர் உறிஞ்சும் அளவினும் மிகுதியாக நைத்திரேற்றுச் சேரும். மண் அதனைப் பற்றி வைத்திராது. மழைநீர் அதனைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் கொண்டுசெல்லும். நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கும்.

மரக்கறிப் பாத்தியில் யூரியாவை ஒரே தடவையில் இடுவதும் இத்தகையதே. ஆகவே, பசளையைப் பல தடவைகளாகப் பிரித்து இடுக. மாட்டுக் கொட்டிலில் உலர்ந்த மானாப்புல்லைப் பரப்பி, சிறுநீர் ஊறியபின் கூட்டெருவாக்குக. கொத்திய புற்றரையில் உடனே பயிரிடுக. பெருமழைக் காலத்தில் அதனை வெற்றுநிலமாக விடற்க.