கப்பலில் துவைத்த துணி



நம் லயத்து வீடுகள் சிலவற்றில் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய தகரப் பெட்டி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூலை நசுங்கியிருக்கும், பூட்டு துருப்பிடித்திருக்கும். சிலர் அதில் அரிசி வைக்கிறார்கள். சிலர் பிறப்புப் பத்திரங்களைப் பாதுகாக்கிறார்கள். அது கப்பலில் வந்த பெட்டி. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை விட்டு அதை அளக்கச் சொன்னோம். நீளம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஓர் அடி. எங்கள் அப்பாயி 1936-ஆம் ஆண்டில் ஆறு வயதுக் குழந்தையாகப் பெற்றோருடனும் அண்ணனுடனும் கப்பலேறியபோது, நான்கு பேரின் துணிமணி முழுவதும் இதற்குள் அடங்கியிருந்தது. எப்படி அடக்கினார்கள்? வழியில் எப்படித் துவைத்துக் கட்டினார்கள்? அதைப்பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

அந்நாளில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்குக் கப்பல்கள் ஓடின. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகம். அந்தக் கப்பல்களுள் நம் மக்கள் மறக்காத பெயர் ‘ரஜூலா’. ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926-இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் 1973 வரை இந்தக் கடலில் போய் வந்தது. அதன் பின் ‘சிதம்பரம்’ ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதோடு அதன் ஓட்டமும் நின்றது.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏறவேண்டும். அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்குத் தாவும்போது ஒரு கையில் குழந்தை, மறு கையில் மூட்டை. மூன்றாவது கை யாருக்கும் இல்லை. சாமான் குறைவாக இருந்ததற்கு ஏழ்மை ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

டெக் பயணிகளுக்கு அறை கிடையாது. தளத்தில் பாய் விரித்த இடமே வீடு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் கடல் தண்ணீர்தான் என்று அப்பாயி சொல்வார். “சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தால் நுரையே வராது, தயிர் திரிந்தமாதிரி திரியும். காயவைத்தாலும் துணி பிசுபிசு என்றே இருக்கும். அம்மா கோபத்தில் கடலைத் திட்டுவாள்” என்பார். சிறு வயதில் அதைக் கேட்டுச் சிரித்தோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் பாடம் படித்தபோதுதான், திட்டுவதற்கு நியாயம் இருந்தது என்று புரிந்தது.

நேயர்களே, வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு போத்தல்களில் மழைநீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் உப்பைக் கரையுங்கள். கடல் நீரிலும் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. இரண்டிலும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை பொங்கும். உப்பு நீரிலோ வெள்ளையாகத் துகள் மிதக்கும். சவர்க்காரம் செய்யும் ஆலைகளிலும், காய்ச்சிய குழம்பில் உப்பைக் கொட்டித்தான் சவர்க்காரத்தைத் தனியே பிரித்தெடுக்கிறார்கள். அதே வேலையைக் கடல் நம் துவைக்கும் வாளியில் செய்துவிடுகிறது. போதாததற்குக் கடல் நீரில் கால்சியம், மக்னீசியம் என்ற உப்புச் சத்துகளும் உண்டு. அவை சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாச் சவர்க்காரமும் ஒன்றல்ல. தேங்காயெண்ணெயில் செய்தது உப்பு நீரிலும் ஓரளவு நுரைக்கும். மாலுமிகளுக்கென்று செய்யப்பட்ட சவர்க்காரத்தில் தேங்காயெண்ணெய் சேர்ந்ததற்கு அதுவே காரணம். இன்று கடைகளில் விற்கும் சலவைத் தூள் வேறு வகை; அது கசடாகத் திரிவதில்லை.

இனி அந்தப் பிசுபிசுப்பு. கையால் முறுக்கிப் பிழிந்த பிறகும் பருத்தித் துணி ஏறக்குறைய தன் எடை அளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அரைக் கிலோ புடைவையில் அரை லிட்டர் கடல் நீர் நின்றால், நீர் ஆவியான பின் 17 கிராம் உப்பு அதிலேயே தங்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் நம் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்க்கிறோம் அல்லவா? கடற்காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். ஆகவே கடல் நீரில் அலசிய துணி காய்ந்தும் காயாததாகவே இருக்கும். அக்குளிலும் தொடையிலும் உராய்ந்து புண்ணாக்கும். கைக்குழந்தைக்கு அந்தத் துணியைக் கட்டினால் என்ன ஆகும் என்று தாய்மார்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்பாயியின் தாய் தமக்குக் கிடைத்த குடிநீரில் ஒரு குவளையை மிச்சம்பிடித்து, அண்டை இடத்துக் கைக்குழந்தையின் துணியைக் கடைசியாக அலசக் கொடுப்பாராம். மழை பெய்தால் பெண்கள் எல்லாரும் துணியோடு திறந்த இடத்துக்கு ஓடுவார்களாம்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஊரில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைப் போட்டல்லவா வெளுத்தார்கள்? உவரும் உப்புத்தானே? நல்ல கேள்வி. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் சரக்கு வேறு. உவர்மண்ணில் இருப்பது சலவைச் சோடா. அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். தண்ணீரின் கடினத்தையும் போக்கும். கடல் உப்புக்கு அந்தக் குணம் இல்லை. உவர்மண் தோய்த்த துணியை அடுக்கி வெள்ளாவி வைத்தார்களே, அதில் இன்னொரு பெரிய நன்மையும் இருந்தது. நீராவியின் சூட்டில் சீலைப்பேனும் அதன் முட்டையும் செத்துவிடும்.

சீலைப்பேனை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். அது தலையில் வாழாது. உடுத்த துணியில், முக்கியமாகத் தையல் மடிப்புகளில் முட்டையிட்டு வாழும். நெரிசலான கப்பல்களிலும் சிறைகளிலும் படை முகாம்களிலும் டைபஸ் என்ற கொடிய காய்ச்சலைப் பரப்பியது அதுதான். துனிஸ் நகரத்து மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். உள்ளே சேர்க்குமுன் நோயாளியைக் குளிப்பாட்டித் துணியை மாற்றிவிட்டால், அவரிடமிருந்து நோய் மற்றவருக்குப் பரவவில்லை. அப்படியானால் நோய் துணியோடு வருகிறது! 1909-இல் அவர் அதை நிறுவினார். 1928-இல் நோபல் பரிசு பெற்றார். கப்பல்களில் வருவோரைத் தடுத்து நிறுத்திய முகாம்களில் துணியை நீராவியில் இட்டு எடுத்த வழக்கத்துக்குப் பின்னால் இத்தகைய அறிவு இருந்தது. பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவு அப்படிப்பட்ட ஒரு முகாம். அங்கே துணியைப் பறித்து வெள்ளாவி வைப்பதுபோல் வைத்தார்கள் என்றுதான் அப்பாயி வருணிப்பார். மானம் போனதாக அழுத பெண்களும் உண்டாம். காரணத்தை ஒருவராவது அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்போது பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஆணுக்கு இரண்டு வேட்டி, இரண்டு துண்டு, ஒரு சட்டை. பெண்ணுக்கு இரண்டு புடைவை, இரண்டு இரவிக்கை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு. அவ்வளவே. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். ஆனால் அந்தப் புடைவை செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். பகலில் உடை, இரவில் போர்வை, இரண்டு கம்பிகளுக்கிடையில் கட்டினால் குழந்தைக்குத் தூளி, உடை மாற்றும்போது மறைப்பு, இறங்கும்போது மூட்டை கட்டும் துணி. தையல் இல்லாததால் சீலைப்பேன் ஒளிய மடிப்பும் இல்லை. விரித்துக் காற்றில் பிடித்தால் ஒற்றைப் படலமாக நிற்பதால் விரைவில் காயும். பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடையை யாராவது யோசித்துச் செய்திருப்பார்களா என்பது ஐயமே.

இன்றைக்குக் கிள்ளானிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களில் கதை வேறு. கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து நன்னீராக்கும் இயந்திரங்களும் சலவை இயந்திரங்களும் அவற்றில் உண்டு. தீ அபாயத்துக்கு அஞ்சி, பயணிகள் தம் அறையில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ள மட்டும் விடுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் ஊருக்குப் போவது விமானத்தில். அங்கே கடலுக்குப் பதில் தராசு.

2012 டிசம்பரில் நாங்கள் குடும்பத்தோடு திருச்சிக்குப் புறப்பட்டோம். நம் மலையின் டிசம்பரைப் பற்றிச் சொல்லவேண்டுமா? ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் இடம் இது. நான்கு நாளாக வெயில் இல்லை. துவைத்த துவாலைகளும் காற்சட்டைகளும் கொடியில் குளிர்ந்து தொங்கின. காய்ந்துவிட்டது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பையில் திணித்தோம். விமான நிலையத்தில் மூன்று கிலோ கூடுதல். அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி கேமரன் மலைத் தண்ணீர் என்பது எங்களுக்குத் தெரியும். தண்ணீருக்கும் சேர்த்து வெள்ளியை எண்ணிக் கொடுத்தோம்.

பணம் போனது பெரிதில்லை. பயணத்தைத் தாங்கமாட்டாள் என்று 1936-இல் இரண்டு வயதில் ஊரிலேயே விடப்பட்டவர் அப்பாயியின் தங்கை. அவருக்காக அப்பாயி தம் கைக்காசில் வாங்கிக் கொடுத்த புதுப் புடைவை அதே பையில் இருந்தது. கோயில்களுக்குப் போய்விட்டு ஆறாம் நாள் கிராமத்தில் பையைத் திறந்தோம். புடைவை முழுவதும் கரும்புள்ளிகள். பூஞ்சணம். ஈரத் துவாலையிலிருந்த நீர், மூடிய பைக்குள் காய்ந்த துணிக்கும் பரவியிருக்கிறது. புதுத்துணியின் கஞ்சியோ பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. அந்த அம்மாள் புடைவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அக்கா அனுப்பினது, புள்ளி இருந்தா என்ன?” என்று அப்போதே உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் தலை குனிந்து நின்றோம்.

அதற்குப் பின் எங்கள் வீட்டில் சில வழக்கங்கள் மாறின. புறப்பட ஐந்து நாள் இருக்கும்போதே துவைப்பதை நிறுத்திவிடுகிறோம். தடித்த காற்சட்டையை எடுத்துச் செல்வதில்லை. அதன் எடைக்கு மெல்லிய துணி மூன்று வைக்கலாம், போன இடத்தில் இரவில் அலசினால் காலையில் காயும். அவசரமாகக் காயவேண்டிய துணியை உலர்ந்த துவாலையில் பாய்போல் சுருட்டி, இருவராக முறுக்கினால் பாதி ஈரத்தைத் துவாலை வாங்கிக்கொள்ளும். பிறகு காற்று ஓடும் தாழ்வாரத்தில் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். குளிரிலும் துணி காயும். காற்று ஓடாவிட்டால்தான் காயாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: கதவைச் சாத்திய அறையில் கரி அடுப்பை மூட்டி, துணியை மேலே தொங்கவிட்டுத் தூங்காதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவரை அது எழுப்பாது.

துணி காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்ப்பது நம் மலையில் பயன்படாது, விரல்களே சில்லிட்டிருக்கும். அப்பாயி இடுப்புப் பட்டியையும் ஓரத் தையலையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரம் ஆவியாகும்போது உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்வதால், ஒரு துளி மிச்சம் இருந்தாலும் அங்கே சில்லென்று இருக்கும். சில்லென்றால் அந்தத் துணி மறுபடியும் கொடிக்குப் போகும், பெட்டிக்குள் போகாது.