சர்க்கரையோடு நாடியும் தடுமாறினால்...

தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிறவர்கள் நாம். ஆனால் நம் கைநாடி ஒழுங்காக அடிக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. சர்க்கரை நோய் உள்ள வணிகர்கள் இனிமேல் அதையும் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சர்க்கரை நோயைப் பற்றி நம்மவர்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு வரை கல்லாவை விட்டு எழ முடியாத தொழில். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. சரக்குக்காரர் வந்தால் ஒரு டீ, கம்பெனி ரெப் வந்தால் ஒரு டீ, மழை பெய்தால் சும்மாவே ஒரு டீ, கூடவே வர்க்கி. தேயிலை விளைகிற ஊரில் இருந்துகொண்டு டீயைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. குறை டீயில் இல்லை, அதில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையில்தான். சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றை அது கெடுக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இதயத்தின் தாளத்தையும் அது கெடுக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ள, கீழறைகள் அதை உடம்புக்கு அனுப்புகின்றன. சிலருக்கு இந்த மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு, நிமிஷத்துக்கு 300 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். டாக்டர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். நாம் மேலறை நடுக்கம் என்று சொல்லலாம். அப்போது நாடி ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்று பலமாக, ஒன்று லேசாக எந்த ஒழுங்கும் இல்லாமல் அடிக்கும். சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்குதல், அசதி இருக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகக்கூடும்.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர் மக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பரிசோதித்து வருகிறார்கள். 1994-ல் அவர்கள் சொன்ன கணக்கு: சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இந்த நடுக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.4 மடங்கு, பெண்களுக்கு 1.6 மடங்கு. ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடியே இருந்தால் மேலறையின் தசை நார் நாராகத் தடித்து விறைத்துப் போகிறது. ரத்தக் கொதிப்பும் தொந்தியும் சேர்ந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சரி, நாடி கொஞ்சம் தாறுமாறாக அடித்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் பெரியது. ஓடாத வாய்க்காலில் பாசி படிவதுபோல, நடுங்கும் மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி ஒரு நாள் புறப்பட்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதோடு, இந்த வழியாக வரும் பக்கவாதம் சாதாரணமாகப் பெரிதாகவே இருக்கும்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவட்டம் மலைப்பாதை. கோவை 130 கிலோமீட்டருக்கு மேல். கோழிக்கோடு போக நாடுகாணிச் சுரம் இறங்க வேண்டும். மைசூர்ச் சாலையில் பந்திப்பூர் காட்டுக்குள் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை. ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு, சொந்தக் காரில் போகிறவருக்கு இல்லை. ஆடி மாத மழையில் மரமோ மண்ணோ சரிந்தால் எந்த வழியும் நிச்சயமில்லை. ஊட்டியில் 2025-ல் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது நமக்கு நல்ல செய்தியே. இருந்தாலும் நாலரை மணி நேரத்தில் பாதியைச் சாலையிலேயே தொலைக்கிற ஊர் நம்முடையது. வந்தபின் ஓடுவதைவிட வராமல் தடுப்பது நகரத்துக்காரனைவிட நமக்குத்தான் அவசியம்.

பக்கத்து வீட்டுக் கதையையும் பார்ப்போம். கேரளத்தில் 2016-17-ல் 53 மருத்துவமனைகளில் இந்த நோயாளிகள் 3,421 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தக் கொதிப்பு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பத்துக்கு நாலு பேர்கூட இல்லை. அந்த ஒரு வருஷத்துக்குள் சுமார் ஆறில் ஒருவர் இறந்துபோனார். வயநாட்டிலும் மலப்புறத்திலும் உள்ள நம் கொடுக்கல் வாங்கல்காரர்களின் ஊர்க் கணக்கு இது. நம் பஜாரில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றே நினைக்கிறோம்.

யாருக்கு அந்த மாத்திரை தேவை என்பதற்கு டாக்டர்கள் ஒரு பேரேடு வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு 1, ரத்தக் கொதிப்புக்கு 1, இதயம் பலவீனமாக இருந்தால் 1, ரத்தக் குழாய் அடைப்பு இருந்தால் 1, வயது 65 முதல் 74 வரை 1, அதற்கு மேல் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண்களுக்குத் தனியாக ஒரு புள்ளி என்று இருந்ததை ஐரோப்பிய இதய மருத்துவர்கள் 2024-ல் நீக்கிவிட்டார்கள். மொத்தம் 2 வந்தால் மாத்திரை வேண்டும். 1 வந்தாலே யோசிக்க வேண்டும். நாடி தடுமாறும் ஒருவருக்கு வயது 66, சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு என்றால் கூட்டுத்தொகை 3. சர்க்கரை உள்ளவர் இந்தப் பேரேட்டில் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதே இல்லை.

‘நான்தான் தினமும் ஆஸ்பிரின் போடுகிறேனே’ என்பார் பலர். மேலறை நடுக்கத்துக்கு ஆஸ்பிரின் போதாது என்பது பல ஆய்வுகளில் முடிந்துபோன விஷயம். இதற்கென்று உள்ளவை வேறு. பழைய மருந்து வார்ஃபரின். அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்த காரணத்தைத் தேடப் போய்க் கிடைத்த சரக்கு. முதலில் எலி மருந்தாக விற்றது, 1954 முதல் மனிதருக்கு. இதன் சகோதரமான அசினோகூமரால் நம் நாட்டில் அதிகம் புழங்குகிறது. இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்து, அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கீரையும் முட்டைக்கோசும் சாப்பிடலாம். ஒரு வாரம் மூட்டையாகவும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் சாப்பிடுவதுதான் கூடாது.

புதிய மருந்துகளான டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவற்றுக்கு அந்தப் பரிசோதனைத் தொல்லை இல்லை. காப்புரிமை முடிந்து இந்தியக் கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்தபின் விலையும் இறங்கிவிட்டது. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ஆகியவற்றிலும் விசாரியுங்கள். சரக்குக்குச் சரக்கு பக்குவம் வேறு என்பது நமக்குத் தெரிந்ததுதான். டாபிகாட்ரானுக்கு ஈரம் ஆகாது. கூடலூர் மழைக்காலத்தில் உறையிலிருந்து பிரித்துச் சின்ன டப்பியில் போட்டு வைக்கக் கூடாது. ரிவராக்ஸபானைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். கடை சாத்திய அலுப்பில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டால் அது சரியாக வேலை செய்யாது. சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் தளரும் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிரியேட்டினின் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும்.

சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்குப் புதிய மருந்து பொருந்தாது. டெல்லி எய்ம்ஸ் டாக்டர் கணேசன் கார்த்திகேயன் முன்நின்று நடத்திய ஆய்வில், ரிவராக்ஸபானைவிடப் பழைய வகை மருந்தே உயிரைக் காத்தது என்று 2022-ல் தெளிவானது. நம் நாட்டில் வாதக் காய்ச்சல்காரர்கள் அதிகம். ஆகவே எக்கோ பார்க்காமல் மாத்திரையைத் தானாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

எந்த மாத்திரையானாலும் இருப்பு தீரக் கூடாது. புது மருந்துகளின் வேலை ஒரே நாளில் தீர்ந்துவிடும். துவரம் பருப்பு பத்து மூட்டைக்குக் குறைந்ததும் ஆர்டர் போடுகிறோம் அல்லவா, அதுபோல் ஒரு வாரத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். கொள்முதலுக்குக் கோவை போனால் கையோடு எடுத்துப் போக வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. மூட்டை தூக்கி இடுப்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியும். சமையலில் போடும் இஞ்சி, பூண்டு, மஞ்சளால் கெடுதி இல்லை. பெயர் தெரியாத சூரணங்களை மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நாடி வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்றவை கொடுப்பார்கள். இதில் சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. சர்க்கரை திடீரென்று இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இந்த மருந்துகள் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது காரணமில்லாமல் வியர்த்தால், உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் மளிகைக் கடைக்காரர் கொடுத்து வைத்தவர்.

தாளத்தையே திருப்பிச் சரிசெய்ய மாத்திரை, மின்சார அதிர்ச்சி, குழாய் வழியாகச் சுடும் சிகிச்சை எல்லாம் உண்டு. நோய் தெரிந்த ஓராண்டுக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்று 2020-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. உடம்பு பருத்தவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் நடுக்கம் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது என்று 2015-ல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். மது இதற்குப் பகை. பலமாகக் குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நாடி பார்ப்பது சுலபம். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். ஒழுங்கில்லாமல் அடித்தால் அன்றே ஒரு ஈ.சி.ஜி. அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வந்து வந்து போகும் நடுக்கமும் உண்டு, அதற்கு ஒரு நாள் முழுதும் பதியும் கருவி இருக்கிறது. சங்கக் கட்டடத்தில் வருஷம் ஒரு முறை ஈ.சி.ஜி. முகாம் நடத்துவது பற்றி அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் பேச வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

கடைசியாக, கடைப் பையன்களுக்கும் வீட்டாருக்கும். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்ற வேண்டாம். முதலாளி சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கல்லாப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும். ரத்தம் உறையாத மாத்திரை கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதுதான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்படும் கேள்வி.