உயில் வேட்டை – 6: சாட்சி இல்லாத உயில்

இங்கிலாந்தில் 1858 ஜனவரி 12 வரை உயில்களுக்கு ஒப்புதல் தந்தவை சர்ச் நீதிமன்றங்கள். அதன்பின் அந்த வேலை அரசிடம் போனது. இதெல்லாம் போன வாரமே சொல்லியாயிற்று; மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

இந்த வாரம் எக்ஸிடரில் எரிந்துபோன உயில்களைப் பற்றி எழுதுவதாகத்தான் வாக்கு. குறுக்கே நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் வந்துவிட்டார்.

ஆஸ்டின் 1817 ஏப்ரல் 27 அன்று தன் கைப்பட எழுதிய உயில் சில வரிகள்தான். அண்ணன் ஹென்றிக்கு 50 பவுண்டு, மேடம் பிஜான் என்ற பிரெஞ்சு அம்மாளுக்கு 50 பவுண்டு, மீதியெல்லாம் அக்கா கஸாண்ட்ராவுக்கு. பிஜான் ஹென்றியின் வீட்டில் வேலை பார்த்தவர். ஹென்றி நடத்திய வங்கி முந்தைய ஆண்டுதான் திவாலாகியிருந்தது. வேலைக்கார அம்மாளின் பெயரை எந்த வம்சாவளிப் படத்திலும் யாரும் எழுதமாட்டார்கள். உயிலில் அவர் சொந்த அண்ணனுக்குச் சமமாக நிற்கிறார்.

ஆனால் வேடிக்கை இதுவல்ல. உயிலில் சாட்சிக் கையெழுத்தே இல்லை! இன்றைய வக்கீல் பார்த்தால் தலையில் கைவைத்துக்கொள்வார். அசையும் சொத்துக்கு அன்று சாட்சி கட்டாயமில்லை. எல்லா உயிலுக்கும் இரண்டு சாட்சி வேண்டும் என்ற சட்டம் 1838-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 18 அன்று ஆஸ்டின் இறந்ததும், இது அவர் கையெழுத்துதான் என்று யாராவது சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. செய்தவர்கள் ஜான் குரோவ் பால்மர், ஹாரியட் எபெல் பால்மர்.

யார் இவர்கள்? ஜான், பெர்முடா தீவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல். அவருடைய மகள் ஃபேனியைத்தான் ஆஸ்டினின் தம்பி, கடற்படை அதிகாரி சார்ல்ஸ், 1807-இல் பெர்முடாவில் மணந்தார். ஃபேனி 1814-இல் இறந்துவிட்டார். ஹாரியட், ஃபேனியின் உடன்பிறந்தவர். 1820-இல் சார்ல்ஸ் அவரையே மறுமணம் செய்துகொண்டார். இறந்த மனைவியின் சகோதரியை மணப்பதைச் சர்ச் சட்டம் அன்று ஏற்கவில்லை என்பது தனிக்கதை. ஒரு சத்தியப் பத்திரத்தைப் பிடித்து இழுத்தால் சம்பந்தி வீடும் அட்லாண்டிக் தீவும் சேர்ந்தே வருகின்றன. உயில் கிடைத்ததும் தேடலை முடித்துக்கொள்பவர்கள் இழப்பது இதைத்தான்.

இன்னொன்று. ஆஸ்டின் வாழ்ந்த சாட்டனும் இறந்த வின்செஸ்டரும் ஹாம்ப்ஷயரில் இருக்கின்றன. வின்செஸ்டர் பிஷப்புக்கு அன்று தனி நீதிமன்றமே இருந்தது. உயிலுக்கு ஒப்புதல் கிடைத்ததோ செப்டம்பர் 10 அன்று, லண்டனில் இயங்கிய கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றத்தில். ஒன்றுக்கு மேற்பட்ட பிஷப்புகளின் எல்லைக்குள் 5 பவுண்டு மதிப்புக்குச் சொத்து இருந்தால் உயில் அன்று ஆர்ச்பிஷப்பிடம் போகும். ஆஸ்டினின் பணத்தில் ஒரு பகுதி அரசுக் கடன் பத்திரத்தில், அதாவது வின்செஸ்டர் எல்லைக்கு வெளியே லண்டனில், இருந்தது. அவசியமே இல்லாமல், கௌரவத்துக்காகக் கேன்டர்பரிக்குப் போனவர்களும் உண்டு. ஆகவே உள்ளூர் ஆவணக் காப்பகத்தில் பெயர் இல்லையென்றால் சோர்ந்துவிட வேண்டாம். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'புரோப் 11' வரிசையைப் பார்க்க வேண்டும். பெயர் போட்டு இணையத்தில் தேடக் காசில்லை. இறந்த ஆண்டோடு நிறுத்தாமல் அடுத்து வரும் ஆண்டுகளையும் பார்ப்பது முக்கியம்; ஒப்புதல் பல வருடம் தாமதமாவதும் உண்டு.

எக்ஸிடருக்கு இடமில்லை, அடுத்த வாரம். 1942 குண்டுவீச்சில் எக்ஸிடரில் இருந்த டெவன் மாவட்ட உயில்கள் பெரும்பாலும் சாம்பலாயின. அங்கே முன்னோரைத் தேடுபவர்கள் அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 1796-இல் தொடங்கும் மரண வரிப் பதிவேடுகள் கியூவில் 'ஐஆர் 26' வரிசையில் இருக்கின்றன, அதில் ஆரம்பிக்கலாம்.