கர்ப்பப்பை எடுத்த பிறகும் அடியிறக்கம்

கர்ப்பப்பையை எடுக்கும்போது யோனியின் மேல்முனையைத் தைத்து மூடிவிடுவார்கள். முதுகெலும்பின் அடியிலிருந்து வரும் தசைநார்கள்தான் அந்த முனையைத் தாங்க வேண்டும். அவை தளர்ந்தால் முனையே கீழே சரியும். முன்சுவர் தளர்ந்தால் சிறுநீர்ப்பையும், பின்சுவர் தளர்ந்தால் மலக்குடலும் யோனிக்குள் பிதுங்கும். ‘பையையே எடுத்தாச்சு, இனி இறங்க என்ன இருக்கு?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில். சுகப்பிரசவங்கள், மாதவிடாய் நின்ற வயது, உடல் பருமன், ஓயாத இருமல், மலச்சிக்கல், சுமை தூக்கும் வேலை எல்லாம் இதற்குக் காரணமாகும். அடியிறக்கத்துக்காகவே கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல்.

காலையில் ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க நின்று வேலை செய்து, சாயங்காலம் பாத்திரம் கழுவி நிமிரும்போது அடியில் ஏதோ கனக்கும். உட்கார்ந்தால் பந்து மேல் உட்கார்ந்தது போலிருக்கும். படுத்தால் குறையும். சிலருக்குப் பிதுக்கத்தை விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் முழுதாகப் போகும். வெட்கப்பட்டுப் பலர் மருத்துவரிடம்கூடச் சொல்லாத விஷயம் இது.

பிதுக்கம் யோனி வாயிலுக்கு 1 செ.மீ. உள்ளேயோ வெளியேயோ நின்றால் அது இரண்டாம் நிலை. ஆனால் சிகிச்சையை முடிவு செய்வது இந்த அளவு அல்ல, அந்தப் பெண் படும் தொந்தரவு. தொந்தரவே இல்லாத இறக்கத்தைக் கவனித்து வந்தாலே போதும்.

ஆரம்ப நிலையில் இடுப்புத்தளப் பயிற்சி பலன் தரும். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் பிரபலப்படுத்திய இப்பயிற்சியில், வாயுவை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்துப் பிடித்து விட வேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது. பத்து நாளில் பலன் தெரியாது. 16 வாரமாவது தொடர வேண்டும். மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் பயிற்சி மட்டும் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

அடுத்த வழி பெஸரி. வளையல் போன்ற சிலிக்கான் வளையத்தை உள்ளே பொருத்தினால் அது சுவர்களைத் தாங்கிப் பிடிக்கும். சரியான அளவு கிடைக்க இரண்டு மூன்று வளையங்களைப் போட்டுப் பார்க்க நேரலாம். கழற்றிக் கழுவவும் சில மாதங்களுக்கொருமுறை பரிசோதிக்கவும் மறந்தால் புண்ணாகும். அறுவை சிகிச்சைக்குப் பயப்படுபவருக்கும், அதைத் தாங்காத உடலுக்கும் இது நல்ல துணை. நம் ஊரில் இதை வேண்டிய அளவு சொல்வதில்லை.

இவை போதாதபோதுதான் அறுவை சிகிச்சை. வயிற்று வழியாக, பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், யோனி முனையை வலைத்துண்டால் முதுகெலும்பின் அடியோடு இணைப்பது ஒரு முறை. இதில் மறுபடி இறங்குவது குறைவு, ஆனால் ஆபரேஷன் நேரம் அதிகம். யோனி வழியாகவே இடுப்பின் உட்புறத் தசைநாரில் தைப்பது இன்னொன்று. இது எளிது, ஆனால் சிலருக்குப் பிட்டத்தில் வலி வரும். தாம்பத்திய உறவு இனி வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் முதியவருக்கு யோனியைத் தைத்து மூடுவதும் உண்டு. யோனி வழியாக வலை பொருத்தும் முறை வேறு: பாதுகாப்பும் பலனும் நிரூபிக்கப்படவில்லை என்று 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கான வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது.

எந்த ஆபரேஷன் செய்தாலும் இறக்கம் திரும்ப வரலாம். அதுவரை மறைந்திருந்த சிறுநீர்க் கசிவு வெளிப்படவும் கூடும். இவற்றை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றபடி இதில் அவசரமில்லை. யோசித்து முடிவெடுக்க மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளலாம்.