மணியமா, மானியமா?

பிழைப்புக்காகத் தில்லிக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறை கண்டுவிட்ட நம் குடும்பங்களில், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் கொண்டு வரும் வேலைகளில் ஒன்று ‘குடும்ப மரம்’ வரைவது. ஊருக்குத் தொலைபேசியில் பேசிப் பெயர்களை எப்படியோ நிரப்பிவிடுகிறோம். ‘தொழில்’ என்ற கட்டம் வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகக் கைப்பட எழுதிய படிவங்களை நூறு ஆண்டு கழித்து அங்கே பொதுமக்கள் பார்வைக்கு விடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. நம் நாட்டில் 1881இல் ஒரே சமயத்தில் நாடெங்கும் கணக்கெடுத்தார்கள் என்றாலும், நமக்குக் கிடைப்பவை மொத்த எண்ணிக்கை அட்டவணைகள்தாம். இன்னார் வீட்டில் இன்னார் என்று எழுதிய தாள்கள் காக்கப்படவில்லை. தனிமனிதர் விவரங்களைப் பிறர் பார்வையிட 1948ஆம் ஆண்டுச் சட்டமும் இடம் தருவதில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. பரண்மேல் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்கள்! இன்ன ஊர், இன்னார் குமாரன், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம் என்று எழுதிய பிறகுதான் அந்தக் காலத்துப் பத்திரம் விஷயத்துக்கே வரும். அந்த ‘ஜீவனம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு முன்னால் நிற்பதுதான் நாம் தேடும் செய்தி.

மதுரைப் பக்கத்துக் கண்மாய்ப் பாசனக் கிராமம் எங்களுடையது. எங்கள் வீட்டுக்கு ‘மணியக்காரர் வீடு’ என்று பெயர். கொள்ளுத்தாத்தா ஊர் மணியம் பார்த்தவர், வரி வசூலித்தவர், அவர் வந்தால் ஊரே எழுந்து நிற்கும் என்று பெரியப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தோம். பெரியப்பாவின் எண்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு குடும்ப மலர் போடலாம் என்று புனேயில் இருக்கும் என் தம்பி (பெரியப்பாவின் இளைய மகன்) கிளம்பினான். ஆதாரமாக இருக்கட்டும் என்று ஓர் அடமானப் பத்திரத்தை அலைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினான். விரோதி வருஷம் எழுதியது. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும் என்பதால், விரோதி என்றால் 1829ஆ, 1889ஆ, 1949ஆ என்ற கேள்வி எழும். பத்திரத்தில் விக்டோரியா மகாராணியின் தலை இருந்ததால் 1889 என்று உறுதியாயிற்று.

பழைய கையெழுத்தைப் படிப்பதில் சில சூட்சுமங்கள் உண்டு. அந்த எழுத்தில் மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அருமை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எ, ஏ வேறுபாடு இராது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. ௳ என்றால் நாள், ௴ என்றால் மாதம், ௵ என்றால் வருஷம், ௸ என்றால் மேற்படி. ‘௧’ ஒன்றா, ககரமா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தலைப்பில் இருக்கும் பிள்ளையார் சுழியை இரண்டு என்று எண்ணிவிடக் கூடாது!

எங்கள் பத்திரத்தில் ஜீவனத்துக்கு முன்னால் இருந்த சொல்லைத்தான் பெரியப்பா ‘மணிய’ என்று படித்திருந்தார். அதற்கும் முந்தைய சொல் மடிப்பில் தேய்ந்து, ‘நீ’ மட்டும் தெரிந்தது. படத்தைக் கணினியில் பெரிதாக்கி, அதே பத்திரத்தில் வேறு எங்கே ‘மணிய’ வருகிறது என்று தேடினேன். சாட்சிகளில் ஒருவர் பெயர் சுப்பிரமணியன்! பத்திரம் எழுதியவரே அந்தப் பெயரையும் எழுதியிருந்தார். அதிலிருந்த ‘ணி’ வேறு, இது வேறு. ‘குமாரன்’ என்பதில் வரும் ‘மா’வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விளங்கிவிட்டது. காலும் அடுத்த ‘னி’யும் அவசரத்தில் ஒட்டிக்கொண்டு ‘ணி’ போல வேஷம் போட்டிருக்கின்றன. சொல் மணியம் அல்ல, மானியம். தேய்ந்த சொல்லில் எஞ்சிய கோடுகளும் பொருந்தின: ‘நீர்பாச்சி மானிய ஜீவனம்’.

அடுத்த முறை சென்னை போனபோது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எங்கள் ஊரின் இனாம் பதிவேட்டுப் பக்கத்தைக் கேட்டுப் பெற்றேன். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் மானிய நிலங்களை விசாரித்து, ஆங்கிலத்தில் கைப்பட எழுதிவைத்த பதிவேடு அது. கண்மாய் நீர் பாய்ச்சும் ஊழியத்துக்கான நிலம் என்று கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயர் அதில் இருந்தது.

தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. “எண்பது வயசுல அவர் மனசை ஏன்ணே நோகடிக்கணும்? மணியம்னே போட்டுடுவோம்” என்றான். அவன் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் நம் பிள்ளைகள் கையில் கொடுக்கும் புத்தகத்தில் தெரிந்தே ஒன்றை மாற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. இருவருக்கும் இரண்டு வாரம் பேச்சு சரியில்லை.

கடைசியில் பெரியப்பாவிடமே சொல்லிவிட்டேன். நீர்பாய்ச்சி என்றால் யார் என்பதையும் சொன்னேன். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் கையில். கண்மாய் வற்றும் காலத்தில் நிலத்துக்காரர்கள் வாய்க்காலில் கை வைக்கக் கூடாது. பெரிய பண்ணைக்கும் அரைக் குழிக்காரனுக்கும் அவர் விட்டதுதான் தண்ணீர். அறுவடையில் அவருக்கென்று நெல் அளப்பார்கள். பாரபட்சம் பார்க்கிறவர் என்று பெயர் வாங்கியவரிடம் எந்த ஊரும் மடையை ஒப்படைக்காது.

தொலைபேசியில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு பெரியப்பா சொன்னார்: “ஆயுத பூஜைக்கு நம்ம வீட்டுல அந்தப் பழைய மண்வெட்டிக்குத்தாம்ப்பா முதல் பொட்டு. எங்க அப்பாவும் அப்படித்தான் வைப்பாரு. ஏன்னு கேட்டதுக்கு, எங்க அப்பா வச்சாரு, நான் வைக்கிறேன்னுதான் சொல்வாரு. இப்ப தெரியுது.” சற்றுப் பொறுத்து, “உள்ளதையே போடச் சொல்லு” என்றார்.

மலரில் அப்படியே அச்சாகியிருக்கிறது. ஊரில் இன்னமும் எங்களை மணியக்காரர் வீடு என்றுதான் அழைக்கிறார்கள். அதைத் திருத்த நாங்கள் முனையவில்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, தகரப் பெட்டியைக் கரையான் முந்திக்கொள்வதற்குள் திறந்து பாருங்கள். பத்திரத்தை மடித்த மடிப்பிலேயே மறுபடி மடிக்காமல் விரித்து வைத்து, நல்ல பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். ஒரு சொல் புரியாவிட்டால், அதே கை எழுதிய இன்னொரு சொல்லோடு ஒப்பிடுங்கள். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் யாரேனும் இருந்தால், முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள்.