முகில் தங்கும் முக்குருத்தி

நுழையும்முன்

மழை பொழியும் நாள்கள் சில. நீர் வேண்டும் நாள்களோ ஆண்டு முழுவதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வாழ்ந்த நம் முன்னோர் கரை எழுப்பி ஏரிகளில் மழைநீரைத் தேக்கினர். கரையே இல்லாத மலை நீரை எவ்வாறு தேக்குகிறது? நீலகிரியின் முக்குருத்தி இவ்வினாவிற்கு விடை தருகிறது.

அமைவிடம்

நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பில், தமிழ்நாடு, கேரள எல்லையில் முக்குருத்தி அமைந்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து இதன் உயரம் 2554 மீட்டர். பீடபூமியே 2000 மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதால், அதன்மேல் நின்று காண்போர்க்கு இது சிறிய மலையாகவே தோன்றும். மேற்குப் பக்கமோ நிலம்பூர்ப் பள்ளத்தாக்கை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. தோடர் இம்மலையைப் புனிதமாகப் போற்றுகின்றனர். இறந்தோர் உயிர் இதன்வழியே மறுவுலகம் செல்லும் என்பது அவர்தம் நம்பிக்கை.

நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. நமக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையும் அப்பாறையே. நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து இப்பாறைவகையைப் பரங்கிமலையில் ஆராய்ந்து பெயரிட்டார்.

மழையும் புல்லும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை இம்மலைவிளிம்பு தடுக்கிறது. மேலெழும் காற்று குளிர்ந்து பெருமழையாகப் பொழிகிறது. சென்னைக்கு மிகுதியான மழையைத் தருவதோ வடகிழக்குப் பருவக்காற்று.

மலைச்சரிவுகளில் புல்வெளியும், மடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலைக்காடும் உள்ளன. புல்வேர்கள் மண்ணை இறுகப் பற்றுகின்றன. மட்கு நிறைந்த மண் மழைநீரை உறிஞ்சுகிறது. அந்நீர் தாழ்விடச் சதுப்புகளில் ஊறி, ஓடைகளாகச் சிறுகச் சிறுகக் கசிகிறது. ஆதலால், மழை நின்ற பின்னும் ஓடைகள் வற்றுவதில்லை. இங்குத் தோன்றும் பைக்காரா ஆறு மோயாறாகிப் பவானியோடு கலந்து காவிரியை அடைகிறது. 1932 முதல் பைக்காராவின் நீரிலிருந்து மின்சாரமும் பெறப்படுகிறது.

மரம் நடுதலும் தீங்காகுமோ?

புல்வெளியை வெற்றுநிலம் எனக் கருதிய ஆங்கிலேயர், விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியச் சீகை மரங்களையும் தைல மரங்களையும் கொணர்ந்தனர். விடுதலைக்குப் பின்னும் இந்நடவு தொடர்ந்தது. சீகை தானே பரவிப் புல்வெளியை விழுங்கியது. புல்வெளியில் தைல மரம் வளர்த்தால் ஓடைநீர் குறைவதை நீலகிரியின் கிளன்மார்கனில் நிகழ்ந்த நெடுநாள் ஆய்வு உணர்த்தியது. நம் மாநில விலங்கான வரையாட்டின் மேய்ச்சல் நிலமும் சுருங்கியது. இன்று சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி நடைபெறுகிறது.

மரம் நடுதல் நற்செயலே. ஆயினும், நடும் இடம் அறிதல் வேண்டும். ஏரிக்குக் கரை எத்தகையதோ, முக்குருத்திக்குப் புல் அத்தகையது. கரை உடைந்தால் ஒரே நாளில் ஊர் அறியும். புல் அழிந்தால் ஆறு வற்றிய பின்னரே நாடு அறியும்.

தெரியுமா?

முக்குருத்தி 1982இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற மேற்குத்தொடர்ச்சி மலைப்பகுதிகளுள் இதுவும் ஒன்று.