‘எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்கடி!’

திருப்பூரில் வீட்டுக் கணக்கு சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் நேராகும். நாளுக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடினால் வாடகையும் குழு லோன் தவணையும் பள்ளிக் கட்டணமும் எப்படியோ தேறிவிடும். ஊரின் பனியன் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அங்கே 50 சதவீத வரி விழுந்தபோது, ஆர்டர் நின்ற கம்பெனிகளில் முதலில் கழன்றது அந்த அரை ஷிப்ட்தான்.

முதலாளிகளின் நஷ்டம் செய்தியானது. டெய்லர் வீட்டுப் பிள்ளைகள் அந்த மாதங்களில் யாரை இழந்தார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஓவர்லாக் டெய்லரின் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டு வரும் வழியில் தோழிகள் பேக்கரியில் பஃப்ஸ் வாங்கினால், “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்கடி” என்பாள். வாங்கிக் கொடுக்க அவர்கள் தயார்தான். அடுத்த முறை தன்னால் வாங்கித் தர முடியாதே என்பதுதான் அவள் கவலை. ஒருத்தியின் பிறந்தநாள் ட்ரீட்டுக்கு, காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. அப்புறம் டியூஷன் இருப்பதாகப் பொய் சொல்லி வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனாள். ‘ரொம்பத்தான் சீன் போடறா’ என்று பேச்சு கிளம்பியது. அவளைச் சேர்க்காமல் புது வாட்ஸ்அப் குரூப் ஒன்றும் தொடங்கியது.

தோழிகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு விஷயமே தெரியாது. அவளுக்கும் பாதிதான் தெரியும். “படிக்கிற புள்ளகிட்ட கடனப் பத்தி எதுக்குப் பேசணும்?” என்று பெற்றோர் மறைத்துவிட்டார்கள். லைன் வீட்டில் எதை மறைப்பது? அம்மாவின் காதில் தங்கத் தோடு போய் கவரிங் ஏறியதை அவள் பார்த்தாள். இரவு எட்டு மணிக்குத் தவணை கேட்டு ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தாள். (குழு லோன் போன்ற சிறுகடன்களுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் போன் செய்துகூடக் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை.) எவ்வளவு கடன் என்று தெரியாததால், வீடே கைவிட்டுப் போகப்போகிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். “ம்மா, நானும் செக்கிங்குக்கு வந்தர்றேன்” என்றாள் ஒருநாள். பதினாறு வயதில் அபாயமில்லாத வேலைக்குப் போகச் சட்டம் குறுக்கே நிற்காது. விளையாட்டுப் பேச்சு என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

அன்றுதான் அப்பா, “இங்க வா சாமி” என்று பக்கத்தில் உட்காரவைத்துத் தவணை அட்டையைக் காட்டினார். பாக்கி எவ்வளவு, எந்த மாதம் முடியும், எது நின்றாலும் அவள் படிப்பு நிற்காது என்று சொன்னார். ஆறு மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். அவள் பயந்ததைவிடக் கடன் குறைவாகத்தான் இருந்தது.

மறுவாரம் ஒரே ஒரு தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “முன்னாடியே சொல்றதுக்கு என்னடி? எங்கப்பாவுக்கும் ரெண்டு மாசமா வேலையில்ல” என்றாளாம் அவள். மற்ற மூவரும் இன்னும் பேசவில்லை.